‘கேஷ்’ நம் காசுதானா? ஆங்கிலச் சொற்களின் வேர் தேடுவது எப்படி

வாட்ஸப்பில் அவ்வப்போது ஒரு பட்டியல் சுற்றி வரும். ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் காசு, ‘எய்ட்’ நம் எட்டு, ‘கர்ரி’ நம் கறி, ‘கட்டமரான்’ நம் கட்டுமரம் என்று நீண்டுகொண்டே போகும். படிக்கும்போதே மனசு குளிரும். உடனே நாலு குழுவுக்குத் தட்டிவிடுவோம். அந்தப் பட்டியலில் சில உண்மை, சில தற்செயல், ஒன்றிரண்டு பாதி உண்மை. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கும் துறைக்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். அதன் அடிப்படையைக் கற்றுக்கொள்ள மொழியியல் பட்டமெல்லாம் வேண்டாம். தினமும் நம் வாயில் புரளும் ஆங்கிலச் சொற்களே போதும்.

கேஷிலிருந்தே ஆரம்பிப்போம். ‘கேஷா, கார்டா?’ என்று கடையில் கேட்கிறார்களே, அந்தக் கேஷ் இத்தாலியத்தின் ‘காஸ்ஸா’, பிரெஞ்சின் ‘கேஸ்’ வழியாக வந்தது. இரண்டுக்கும் பணப்பெட்டி என்று பொருள். அவற்றுக்கும் மூலம் லத்தீனின் ‘காப்ஸா’, அதாவது பெட்டி. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அந்தச் சொல் பெட்டியையும் குறித்தது, அதற்குள் கிடந்த பணத்தையும் குறித்தது. நாளடைவில் பெட்டி கழன்றுபோய்ப் பணம் மட்டும் நின்றது. ஆக, காசுக்கும் இதற்கும் உறவில்லை.

அப்படியென்றால் பட்டியல் பொய்யா? முழுப் பொய்யும் இல்லை. ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் இருந்தது. போர்த்துக்கீசியர் நம் காசு என்ற சொல்லைத் தங்கள் மொழிக்கேற்ப ‘காய்ஷா’ ஆக்கினார்கள். அது ஆங்கிலேயர் வாயில் கேஷ் ஆயிற்று. கம்பெனி காலத்துச் சென்னைக் கணக்கு வழக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்; பணம், வராகன் இரண்டும் அன்றைய நாணயங்கள். நடுவில் ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே எழுதினார்கள். எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பொருளும் கிட்டத்தட்ட ஒன்று. வேர் மட்டும் இரண்டு. காசு வழி வந்த கேஷ் இன்று நாணயம் சேகரிப்பவர்களிடம்தான் மிச்சம். கல்லாவில் இருப்பது இத்தாலியப் பெட்டி.

எட்டின் கதை இதைவிடச் சுலபம். இரண்டு சொற்கள் உறவு என்றால், காலத்தில் பின்னால் போகப் போக அவை நெருங்கி வர வேண்டும். ‘எய்ட்’ என்பதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனால் பழைய ஆங்கிலத்தில் ‘எயஹ்தா’, லத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’ என்று ஒரு குடும்பம் தெரிகிறது. தமிழ் எட்டைப் பின்னால் தள்ளினால் ‘எண்’ என்ற வேர் வருகிறது. எண்பது, எண்ணூறு ஆகியவற்றில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கன்னடத்தின் ‘எண்ட்டு’, தெலுங்கின் ‘எனிமிதி’ இரண்டும் அதன் உறவினர். ஆக்டோ எங்கே, எண் எங்கே! இன்று ஒன்றுபோல் ஒலிப்பவை பழங்காலத்தில் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

தேதி போட்ட சீட்டு

இப்படிப் பின்னால் போவதற்கு ஆதாரம் வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்த ஆதாரத்தை வாரிக் கொடுத்தது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. லண்டன் மொழியியல் கழகத்தில் 1857-இல் பேச்சு தொடங்கியது. 1879-இல் ஜேம்ஸ் மர்ரே பதிப்பாசிரியர் ஆனார். பத்து வருஷத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1884-இல் முதல் பகுதி வெளிவந்தபோது ‘ஆன்ட்’ வரை, அதாவது எறும்பு வரைதான் வந்திருந்தார்கள். முழு அகராதி முடிந்தது 1928-இல். மர்ரே 1915-லேயே காலமாகிவிட்டார்.

வேலை நடந்த விதம்தான் இதில் முக்கியம். ஊர் உலகத்தில் இருக்கும் வாசகர்களுக்கு வேண்டுகோள் விட்டார்கள்: பழைய புத்தகங்களைப் படியுங்கள், ஒரு சொல் வரும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய காகிதம். இடது மேல் மூலையில் சொல். அதன்கீழ் ஆண்டு, ஆசிரியர், நூல், பக்க எண். பிறகு அந்த வாக்கியம், எழுத்து மாறாமல். இப்படி லட்சக்கணக்கில் சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து, மர்ரே தன் தோட்டத்தில் போட்டிருந்த இரும்புக் கொட்டகையின் புறாக்கூண்டு அறைகளில் அடுக்கப்பட்டன. மிக அதிகமாக அனுப்பியவர்களில் ஒருவர் வில்லியம் மைனர். அமெரிக்க ராணுவ மருத்துவர், மனநோயில் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு பிராட்மோர் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர். ‘பாண்ட்மெய்ட்’, அதாவது அடிமைப்பெண் என்ற சொல்லின் சீட்டுக்கட்டு எங்கோ தவறிப்போய், முதல் பதிப்பில் அந்தச் சொல்லே இடம்பெறாமல் போனது தனிக் கூத்து.

முதல் பதிப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி. ஒரு சொல்லின் பொருள் எந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பதை யாருடைய அபிப்பிராயமும் இல்லாமல், எழுதியவர்களின் வாக்கியங்களை வரிசையாக வைத்தே பார்த்துவிடலாம். சொற்கதை எதைக் கேட்டாலும் ‘முதல் சீட்டின் தேதி என்ன?’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கதைகள் அங்கேயே செத்துவிழும்.

‘போஷ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பணக்காரத்தனமான, ஒய்யாரமான என்று பொருள். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும் கனவான்கள் வெயில் படாத அறை கேட்பார்களாம். போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்று பி அண்டு ஓ கப்பல் நிறுவனம் டிக்கெட்டில் முத்திரை குத்துமாம். அதன் முதலெழுத்துகளே போஷ் ஆனதாம். அழகான கதை. அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைக்கவில்லை. கம்பெனிப் பதிவேடுகளிலும் இல்லை. ‘போஷ்’ என்ற சொல் இந்தப் பொருளில் 1910-களில் அச்சில் வந்துவிட்டது. கப்பல் கதையோ 1930-களில்தான் தலைகாட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொச்சையில் சில்லறைக் காசுக்கும் பகட்டாக உடுத்துபவனுக்கும் ‘போஷ்’ என்று பெயர் இருந்தது. அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். வேடிக்கை என்னவென்றால், 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தபிறகு இந்திய அலுவலகங்களில் போஷ் என்பது நிஜமாகவே ஒரு முதலெழுத்துச் சொல்லாகிவிட்டது.

பொதுவாக, ஒரு பழைய சொல் முதலெழுத்துகளால் ஆனது என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். ‘நியூஸ்’ என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்ற நாலு திசை இல்லை; ‘நியூ’ என்பதன் பன்மை, அவ்வளவுதான். முதலெழுத்துகளைக் கோத்து அதை ஒரு சொல்லாகவே உச்சரிக்கும் வழக்கம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். ரேடார், லேசர் ஆகியவை அந்த ரகம்.

ஓ.கே.: ஒரு கடி ஜோக்கின் வெற்றி

இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. உலகத்தில் எந்த மூலையில் சொன்னாலும் புரியும் ‘ஓ.கே.’

இதற்குச் சொல்லப்பட்ட மூலங்களுக்குக் கணக்கே இல்லை. சோக்டா என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் சொல் என்றார்கள், கிரேக்கம் என்றார்கள், ஸ்காட்லாந்துப் பேச்சு என்றார்கள். அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சோக்டா கதையை நம்பி ‘ஓகே’ என்பதை அந்த மொழியின் எழுத்துக்கூட்டில்தான் எழுதுவாராம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆலன் வாக்கர் ரீட் பழைய செய்தித்தாள்களைத் தோண்டி 1963-64-இல் விடையை வெளியிட்டார். 1838, 39-இல் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு கிறுக்கு பரவியிருந்தது: ஒரு தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதுவது, பிறகு அந்தப் பிழையைச் சுருக்குவது. ‘ஆல்’ என்பதை ‘ஓ’விலும் ‘ரைட்’ என்பதை ‘டபிள்யூ’விலும் தொடங்கி எழுதி, ‘ஆல் ரைட்’ என்பதை ஓ.டபிள்யூ. என்று சுருக்கினார்கள். ‘ஆல் கரெக்ட்’ ஓ.கே. ஆனது; இருக்க வேண்டியது ஏ.சி., இரண்டு எழுத்துமே தப்பு, அதுதான் நகைச்சுவை. 1839 மார்ச் 23 தேதியிட்ட ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில் அது அச்சாகியிருக்கிறது.

இந்த மாதிரிக் கடி ஜோக்குகள் ஆறு மாதத்தில் மறைந்துபோகும். மற்றவை மறைந்தும் போயின. ஓ.கே.வைக் காப்பாற்றியது 1840 அதிபர் தேர்தல். மறுபடி போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரன் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் என்ற ஊர்க்காரர். ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்பது அவர் பட்டப்பெயர். ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கம் ஆரம்பித்தார்கள். எதிர்க்கட்சியினர் அதே இரண்டு எழுத்துக்குக் கேலி விரிவாக்கங்கள் கண்டுபிடித்தார்கள். வான் பியூரன் தோற்றார், எழுத்து ஜெயித்தது. நிஜக் கதை இப்படிக் கொஞ்சம் அசட்டுத்தனமாக இருப்பதுதான் வழக்கம். ரொம்பவும் கச்சிதமாக, கேட்டதும் ‘அடடா!’ போட வைக்கும் கதைகளில்தான் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

முட்டாளாக இருந்த ‘நைஸ்’

பிறந்த கதை ஒரு பாதி. பிறந்த பிறகு சொல் என்ன ஆனது என்பது இன்னொரு பாதி, என்னைக் கேட்டால் அதுதான் சுவாரசியம்.

‘நைஸ்’ லத்தீனின் ‘நெஸ்கியுஸ்’ என்பதிலிருந்து வருகிறது. ‘அறியாதவன்’ என்று பொருள். 1300 வாக்கில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நைஸ்’ என்றால் முட்டாள். ஒருவரை நைஸ் என்றால் அடிக்க வருவார். பிறகு கூச்சமுள்ள, நொய்ந்த என்ற பொருள்கள் ஏறின. அங்கிருந்து எதிலும் குறை காணும், எளிதில் திருப்திப்படாத ஆளுக்குப் போனது. நுணுக்கம் பார்க்கும் ஆளிடமிருந்து நுணுக்கத்துக்கே தாவியது. ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று ஒரு வழக்கறிஞர் சொன்னால் இன்றும் ‘நுட்பமான வேறுபாடு’ என்றுதான் அர்த்தம். பதினெட்டாம் நூற்றாண்டில்தான் ‘இனிமையான, நல்ல’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஜேன் ஆஸ்டினின் ‘நார்தாங்கர் அபே’ நாவலில் ஹென்றி என்ற பாத்திரம், எதற்கெடுத்தாலும் நைஸ் என்கிறார்களே, ஒரு காலத்தில் இதற்குக் கச்சிதம் என்று பொருளாயிற்றே என்று கதாநாயகியைச் சீண்டுகிறான். நாவல் வெளிவந்தது 1817 கடைசியில். இருநூறு வருஷத்துக்கு முந்தைய புலம்பல்.

நைஸின் பயணம் அங்கேயும் நிற்கவில்லை, நம் ஊருக்கும் வந்தது. ‘மாவை நைசா அரை’ என்கிறோம். நுண்ணிய என்ற பழைய பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது இது. ‘கூட்டத்துலேருந்து நைசா நழுவிட்டான்’ என்கிறோம்; இந்தத் தந்திரப் பொருள் லண்டனில் செல்லாது. ‘நைஸ் பண்ணியே காரியத்தை முடிச்சுக்கிட்டா’ என்பதை ஆங்கிலேயரிடம் சொன்னால் விழிப்பார். சொல் அவர்களுடையது, இந்தப் பொருள்கள் நம்முடைய உழைப்பு.

இங்கே தொடக்கநிலையில் எல்லோரும் இடறும் ஒரு கல் இருக்கிறது: வேரில் இருந்த பொருள்தான் ‘சரியான’ பொருள், மற்றதெல்லாம் கெட்டுப்போனது என்ற நினைப்பு. ‘டெசிமேட்’ என்றால் பத்தில் ஒருவரைக் கொல்வது மட்டுமே, ரோமப் படையில் அதுதானே தண்டனை, முக்கால்வாசி அழிந்தால் அந்தச் சொல்லைப் போடாதே என்று திருத்துபவர்கள் உண்டு. அவர்களிடம் ‘டிசம்பர்’ எத்தனையாவது மாதம் என்று கேட்கலாம். அதன் வேரிலும் அதே பத்துதான் இருக்கிறது. பழைய ரோமக் காலண்டரில் அது பத்தாவது மாதம். யாரும் அதற்காகக் கிறிஸ்துமஸை அக்டோபருக்கு மாற்றவில்லை. வேர் என்பது சொல் புறப்பட்ட ஊர். இப்போது அது எங்கே குடியிருக்கிறது என்பதை, அதைப் பேசுகிறவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுருங்கும், விரியும், ஏறும், இறங்கும்

பொருள் மாற்றத்துக்குச் சில வழக்கமான தடங்கள் உண்டு. தமிழ் மொழியியல் நூல்களிலும் இவற்றுக்கு நல்ல பெயர்கள் இருக்கின்றன.

பொதுவானது சுருங்கி ஒன்றுக்கு மட்டும் ஆவது சிறப்புப்பொருட்பேறு. ‘மீட்’ என்றால் இன்று இறைச்சி. பழைய ஆங்கிலத்தில் எந்த உணவும் மீட்தான். மிட்டாய் வகைகளுக்கு ‘ஸ்வீட்மீட்’ என்ற பெயர் அந்தக் காலத்து மிச்சம், அதில் ஆட்டிறைச்சியைத் தேட வேண்டாம். மானைக் குறிக்கும் ‘டீர்’ ஒரு காலத்தில் எந்த விலங்குக்கும் பெயர். ‘கேர்ள்’ ஆணோ பெண்ணோ, எந்தக் குழந்தைக்கும் பொது.

இதற்கு நேர்மாறாக விரிவது பொதுப்பொருட்பேறு. இதற்கு ‘ஆயில்’ போல வசதியான உதாரணம் இன்னொன்று கிடைக்காது. அதன் மூலம் கிரேக்கத்தின் ‘எலையா’, அதாவது ஆலிவ். ஆலிவிலிருந்து எடுப்பது மட்டுமே ஆயில். பிறகு கடுகு, தேங்காய், திமிங்கிலம், கடைசியில் பூமிக்கடியில் கிடைக்கும் பெட்ரோலியம் வரை ஆயில் ஆனது. நம் எண்ணெய் என்ன? எள் நெய். எள்ளிலிருந்து எடுப்பது மட்டுமே எண்ணெய் என்றிருந்தது, இப்போது தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என்று யாரும் கண்ணைச் சிமிட்டாமல் சொல்கிறோம். ஒன்றையொன்று பார்த்துக் காப்பியடிக்காமல் இரண்டு மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. அவரவர் வட்டாரத்தில் அதிகம் புழங்கிய எண்ணெயின் பெயர் எல்லா எண்ணெய்க்கும் ஆகிவிட்டது.

தாழ்ந்துபோவது இழிபொருட்பேறு. ‘சில்லி’ என்றால் இன்று அசட்டுத்தனம். பழைய ஆங்கிலத்தில் அதன் முன்னோடிக்கு ‘பாக்கியம் பெற்ற’ என்று பொருள். பாக்கியவான் கள்ளமற்றவன் ஆனான், கள்ளமற்றவன் பாவப்பட்டவன் ஆனான், பாவப்பட்டவன் அசடன் ஆனான். ஒவ்வொரு படியும் சின்னது, இறங்கிய மொத்த ஆழம் பெரியது. நறுமணத்தைக் குறித்த நம் ‘நாற்றம்’ மூக்கைப் பொத்த வைத்தது இதே கதைதான். ‘வில்லன்’ கிராமத்துப் பண்ணையாள். ஏழையின் பெயரைக் கெட்டவனுக்கு வைத்தது யார் என்று யோசித்தால் அக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் யார் என்பது தெரிந்துவிடும். உயர்ந்துபோவதும் உண்டு: பையன், வேலைக்காரப் பையன் என்றிருந்த ‘நைட்’ பட்டம் பெற்ற வீரனாகி, கடைசியில் ‘சர்’ போட்டுக்கொண்டது.

இன்னொரு ரகம் தேய்மானம். ‘ஆஃபுல்’ ஒரு காலத்தில் திகைத்துக் கைகூப்ப வைக்கும் தெய்வத்தன்மை. இன்று ஆறிப்போன காபிகூட ஆஃபுல்தான். ‘டெரிஃபிக்’ நடுங்க வைப்பது, இப்போது பாராட்டு. இது புரியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பையன் ‘படம் பயங்கரமா இருந்துச்சு’ என்று குதூகலிப்பதைக் கேட்டால் போதும்.

‘லிட்டரலி’ மேல் இன்று கொட்டப்படும் கோபத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். ‘சொல்லுக்குச் சொல் அப்படியே’ என்பதுதான் அதன் பொருள். ‘லிட்டரலி செத்தே போயிட்டேன்’ என்று உயிரோடு இருப்பவர்கள் சொல்வது நியாயமா? ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்த அழுத்தப் பயன்பாட்டைப் பதிவு செய்தது 2013-இல் செய்தியானபோது மொழியே முடிந்தது என்று பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தப் பயன்பாடு பதினெட்டாம் நூற்றாண்டு நாவல்களிலேயே இருக்கிறது. அதைவிட முக்கியம், ‘வெரி’ என்ற எளிய சொல்லும் இதே குற்றவாளிதான். அதன் வேர் லத்தீனின் ‘வேருஸ்’, உண்மை. ‘உண்மையில்’ என்பது தேய்ந்து ‘மிகவும்’ ஆகியிருக்கிறது. ‘ரியலி’க்கும் அதே கதி. உண்மையைக் குறிக்கும் சொற்களை மிகைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவது ஆங்கிலத்தின் பழைய பழக்கம். லிட்டரலி அந்த வரிசையில் கடைசியாக நிற்கிறது. பேச்சில் அதை யாரும் திருத்த வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஒப்பந்தப் பத்திரம் எழுதும்போது மட்டும் தள்ளி வைக்கலாம்.

வெட்கத்தால் மாறும் சொற்கள் தனிக் கூட்டம். ‘டாய்லெட்’ பிரெஞ்சில் சின்னத் துணி. ஒப்பனை மேசை மேல் விரிக்கும் துணியாக இருந்து, மேசை ஆகி, ஒப்பனை ஆகி, ஒப்பனை அறை ஆகி, இன்றைய இடத்துக்கு வந்தது. சொல்லக் கூச்சப்படுவதை நாசூக்கான பெயரால் மூடினால், கொஞ்ச நாளில் நாசூக்கும் நாறத் தொடங்கும். வேறு பெயர் தேட வேண்டியிருக்கும். ‘லாவெட்டரி’ கை கழுவும் இடம், ‘ரெஸ்ட்ரூம்’ ஓய்வறை. நன்னூல் இதை இடக்கரடக்கல் என்று வகைப்படுத்தியிருக்கிறது. நாம் தயக்கமில்லாமல் சொல்லிவந்த ‘கக்கூஸ்’ டச்சுக்காரர் விட்டுப்போனது. அவர்கள் மொழியில் அதில் நாசூக்கே கிடையாது, உள்ளது உள்ளபடி ‘மல வீடு’.

எழுத்து தாவிய கதையும் கறியும்

சில மாற்றங்களுக்குப் பொருள் காரணமே இல்லை, காதுதான் காரணம். சமையலறையில் கட்டும் ‘ஏப்ரன்’ முதலில் ‘நேப்ரன்’. ‘ஒரு’ என்பதற்கான ‘அ’வைச் சேர்த்து ‘அ நேப்ரன்’ என்று சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் ‘அன் ஏப்ரன்’ என்று பிரித்துக்கொண்டார்கள். கிரிக்கெட் ‘அம்பயர்’ முன்னாள் ‘நம்பயர்’. சமமில்லாதவர், அதாவது இரண்டு பக்கமும் சேராத மூன்றாவது ஆள். ‘நிக்நேம்’ இதற்கு எதிர்த்திசை: ‘அன் ஈக்நேம்’ என்பதிலிருந்த ‘ன்’ பெயரோடு ஒட்டிக்கொண்டது.

‘ஆரஞ்சு’ம் முதலில் ‘ந’வை வைத்திருந்த சொல்தான், ஆனால் அதை உதிர்த்தது ஆங்கிலம் இல்லை. சமஸ்கிருதத்தில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானியத்தில் இன்றும் ‘நராஞ்ஹா’. இத்தாலியத்துக்கும் பிரெஞ்சுக்கும் வரும்போது முன்னெழுத்து விழுந்துவிட்டது. மூலம் திராவிட மொழி ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நம் நாரத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பழம் வருவதற்குமுன் அந்த நிறத்துக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயர் கிடையாது. பளிச்சென்று ஆரஞ்சு மார்போடு திரியும் ராபின் குருவியை அவர்கள் ‘ரெட்பிரெஸ்ட்’, செம்மார்பன், என்று அழைப்பதற்கு அதுதான் காரணம்.

கறிக்கு வருவோம். சாப்பிடும் ‘கர்ரி’ நம் கறிதான், சந்தேகமில்லை. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கில அச்சில் வந்துவிட்டது. 1747-இல் ஹன்னா கிளாஸ் தன் சமையல் நூலில் இந்திய முறையில் கர்ரி செய்யச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஒருவரைக் காக்காய் பிடிப்பதற்கு ‘கர்ரி ஃபேவர்’ என்கிறார்களே, அதில் கறி இல்லை. அந்தக் ‘கர்ரி’ குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடுவது. ‘ஃபேவர்’ என்பது ஃபோவெல். பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்சில் எழுதப்பட்ட ஓர் அங்கதக் கவிதையில் வரும் பழுப்புக் குதிரை. பெரியவர் சிறியவர் அனைவரும் காரியம் சாதித்துக்கொள்ள அந்தக் குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடுகிறார்கள். கவிதை மறந்துபோனதும் ஃபோவெல் யாருக்கும் விளங்கவில்லை. ஏறத்தாழ அப்படியே ஒலிக்கும், பொருளும் பொருந்தும் ‘ஃபேவர்’ அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாகத் திருத்திக்கொள்ளும் இந்தப் பழக்கம் எல்லா மொழிக்கும் உண்டு.

கறி தமிழுக்குள்ளேயே சும்மா இருந்ததா என்றால் அதுவும் இல்லை. யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினார்கள் என்று அகநானூறு முசிறியைப் பாடுகிறது. அங்கே கறி என்றால் மிளகு. இன்று ஒரு வீட்டில் கறி என்றால் வாழைக்காய், இன்னொரு வீட்டில் ஆட்டிறைச்சி, யாழ்ப்பாணத்தில் குழம்பாக வைத்ததும் கறி.

கட்டுமரம் சொல்லாகவே போய்ப் பொருளை மாற்றிக்கொண்டது. வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவைதான் ‘கட்டமரான்’. இன்று அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு. அதில் கட்டும் இல்லை, மரமும் பெரும்பாலும் இல்லை.

வேர் வேறு, இன்றைய பொருள் வேறு என்று இவ்வளவு நேரம் வாதாடிய எனக்கு ஒரே ஒரு சொல்லில் அந்த வாதம் தொண்டையில் சிக்குகிறது. ‘பரையா’. தமிழ்நாட்டின் ஒரு சமூகத்தின் பெயர், 1600-களின் தொடக்கத்தில் ஆங்கிலப் பயணக் குறிப்புகளில் சாதிப் பெயராக நுழைந்து, 1800-களில் ‘எல்லோரும் ஒதுக்கி வைத்தவர்’ என்ற பொதுச்சொல் ஆகிவிட்டது. உலக நாடுகள் புறக்கணிக்கும் அரசை ‘பரையா ஸ்டேட்’ என்று ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் தலைப்புப் போடுகின்றன. எழுதுபவர்களில் பலருக்கு அது உயிரோடு இருக்கும் லட்சக்கணக்கான மனிதர்களின் பெயர் என்பதே தெரியாது. ஆலிவ் மரமோ ஃபோவெல் குதிரையோ செய்தித்தாள் படிப்பதில்லை. இந்தப் பெயருக்கு உரியவர்கள் படிக்கிறார்கள். அந்த இடத்தில் ‘அவுட்காஸ்ட்’ என்று போட்டால் வாக்கியத்தின் பொருள் இம்மியும் குறையாது.